மூன்று சட்டி தூரம்

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு, ஒரு வருடமாக முத்திரையிட்டு வைத்திருந்த பட்டியலை ஞானதுரை திறந்தான். யாருக்கு மருந்துத் தயிர், யாருக்கு வெறும் தயிர் என்பது அதில் இருந்தது. அதுவரை ஆய்வு நிலையத்தில் ஒருவருக்கும் அந்த ரகசியம் தெரியாது. தெரிந்தால் மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்பதால் அப்படி ஓர் ஏற்பாடு. கணினி அரை நிமிஷம் யோசித்தது. ஞானதுரை அதைவிட அதிக நேரம் யோசித்தான்.

“மேடம், ரெண்டும் ஒண்ணுதான்,” என்றான்.

“ரெண்டு பக்கமும் குறையலையா?” என்று கேட்டாள் மிருதுளா.

“குறைஞ்சிருக்கு. அதுதான் வம்பு. மருந்து சாப்பிட்ட அறுபது பேருக்கும் குடல்ல இருந்த பாலிப் நாலுல ஒரு பங்கா ஆயிருக்கு. வெறும் தயிர் சாப்பிட்ட அறுபது பேர்ல ஐம்பத்துமூணு பேருக்கும் அதே மாதிரி குறைஞ்சிருக்கு. மருந்தில்லாமலே குறையுதுன்னா மருந்து எதுக்குன்னு கேப்பாங்கல்ல?”

“மிச்சம் ஏழு பேர்?”

“அவங்களுக்குக் கூடியிருக்கு. எந்தக் கூட்டத்துலயும் நாலு பேர் முறுக்கிக்கிட்டு நிப்பாங்க. அத விடுங்க.”

புள்ளிவிவரக்காரர்களின் பழக்கம் அது. கூட்டத்தோடு சேராதவனை விட்டுவிடுவார்கள். மிருதுளா மரபணுக்காரி. கூட்டத்தோடு சேராத ஒற்றை எழுத்தைத் தேடித்தான் அவளுடைய பன்னிரண்டு வருடம் போயிருந்தது. நடுவில் ஒரு கல்யாணம் வந்து, கொஞ்ச காலம் காத்திருந்து, திரும்பிப் போய்விட்டது. அதைப் பற்றி அவளுக்குப் பெரிய வருத்தமும் இல்லை.

அந்த எழுத்து தென்காசிப் பக்கத்துச் செங்கானூரில் இருந்தது. ஏபிசி என்று ஒரு மரபணு. குடலின் செல்கள் பெருகும்போது, ‘போதும், நிறுத்து’ என்று சொல்வது அதன் வேலை. செங்கானூரில் இருநூறு வருடத்துக்கு முன் பிறந்த யாரோ ஒருவருக்கு அதில் ஓர் எழுத்து காணாமல் போய்விட்டது. அவருடைய வம்சத்தில் பாதிப் பேருக்கு இன்றும் அந்த எழுத்து இல்லை. நிறுத்தச் சொல்ல ஆளில்லாததால் செல்கள் பெருகிக்கொண்டே போகும். இருபது வயதுக்குள் குடல் சுவரெங்கும் பருப் பருவாக நூற்றுக்கணக்கில் பாலிப்கள் முளைக்கும். அதில் ஒன்று புற்றாக மாறினால் போதும், நாற்பது வயதைப் பார்ப்பது கஷ்டம். அதற்கு முன் பெருங்குடலையே எடுத்துவிடுவதுதான் இந்த 2047-லும் ஒரே வைத்தியம்.

மிருதுளா தயிரில் வாழும் ஒரு பாக்டீரியாவுக்குப் புது வேலை கற்றுக்கொடுத்திருந்தாள். காணாமல் போன எழுத்தோடு சேர்த்துச் சரியான செய்தியை அது குடல் சுவரின் செல்களுக்குள் கொண்டுபோய்க் கொடுக்கும். குடலின் உள்தோல் ஐந்து நாளுக்கொரு முறை உதிர்ந்து புதிதாக முளைப்பதால், செய்தியைத் தினமும் கொடுக்க வேண்டும். அதனால் தினமும் காலையில் செங்கானூருக்கு வண்டியில் நூற்றிருபது கிண்ணம் தயிர் போனது. நூற்றிருபதும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும்.

திங்கட்கிழமை கண்காணிப்புக் குழு கூடுகிறது. இந்த முடிவைப் பார்த்தால் நிறுத்தச் சொல்லிவிடுவார்கள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்பார்களே, அந்த வயிற்றெரிச்சல் என்னவென்று மிருதுளாவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஞானதுரை விடச் சொன்ன ஏழு எண்களைத் திரையில் பெரிதாக்கினாள். நான்காவது எண் 74. அந்த எண் யாருடையது என்று பெயர்ப் பட்டியலைப் பார்க்காமலே அவளுக்குத் தெரியும். சங்கரவடிவு. போன வருடம் நானூற்று முப்பது பாலிப். இப்போது ஐந்நூற்று இருபத்திரண்டு.

வடிவுக்கு இருபத்தேழு வயது. காற்றாலைக் கம்பெனியில் பழுதுபார்க்கும் வேலை. இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு நூறு மீட்டர் கோபுரத்தில் ஏறி இறங்குவாள். போன வருடமே அறுவை சிகிச்சைக்குத் தேதி வாங்கியிருந்தவளை, ஒரு வருடம் பொறு என்று நிறுத்தி வைத்தது மிருதுளாதான். குடலை எடுத்துவிட்டால் ஒரு நாளைக்கு எட்டுப் பத்துத் தடவை கழிப்பறைக்கு ஓட வேண்டியிருக்கும். கோபுரத்தின் உச்சியில் அதற்கு வசதி கிடையாது. இந்த மாதம் பதினெட்டாம் தேதி அவளுக்கு மறுபடி நாள் குறித்திருந்தார்கள். தயிர் பலித்தால் அதை ரத்து செய்வது, பலிக்காவிட்டால் மேஜையில் படுப்பது என்று பேச்சு.

இதைப் போனில் சொல்ல மிருதுளாவுக்கு மனம் வரவில்லை. மறுநாள் காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

வடிவின் வீடு ஒரு வளவுக்குள் இருந்தது. பொது முற்றத்தைச் சுற்றி எட்டு வீடுகள் முகம் பார்த்து நிற்கும். ஒரு வீட்டில் தாளித்தால் எட்டு வீட்டிலும் தும்முவார்கள். வடிவு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்தாள். அவளுடைய அப்பா குருசாமி, பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், முதலில் சாப்பிடுங்கள், பிறகு பேசலாம் என்று இலை போட்டுவிட்டார். கெட்ட செய்தி கொண்டு வந்தவளுக்குச் சாம்பாரும் அவரைக்காய்ப் பொரியலும் இறங்கவில்லை. கடைசியில் குருசாமி ஒரு பாக்கெட்டைப் பல்லால் கிழித்துத் தயிரை ஊற்றினார். அது மோராக இலையில் ஓடியது.

“கடைத் தயிர்தான். கோவிச்சுக்கிடாதீங்க,” என்றார்.

“வீட்டுல உறை ஊத்தறதில்லையா?” மிருதுளா பேச்சுக்குத்தான் கேட்டாள்.

“உறைக்கு எங்க போக?” என்றாள் வடிவு. “இந்த வளவுல எல்லாரும் எதுத்த வீட்டுல வாங்குதாங்க. அவங்க வீட்டுத் தயிர் கல்லு மாதிரி உறையும். நம்ம கிண்ணத்துல வந்த தயிருல ஊத்துனதாம். எனக்கு வந்த கிண்ணத்துல ஊத்துனா தண்ணியாத்தான் நிக்கும். ஒரு வருசமா அதே பேச்சுதான்.”

மிருதுளாவின் கை இலையிலேயே நின்றது. “கிண்ணத்துத் தயிரையா? யாருக்கும் கொடுக்கக் கூடாதுன்னு ஆறாவது விதி இருக்கே.”

“கிண்ணத்த யாரு குடுத்தா? வழிச்சுத் தின்னுட்டு, அடியில ஒட்டியிருக்கறத வெதுவெதுன்னு பாலை ஊத்தி அலசி, சட்டியில ஊத்துதாங்க. அந்தச் சட்டித் தயிர்ல ஒரு கரண்டி அடுத்த வீட்டுக்கு. அது உறைக்குத்தானே டாக்டரக்கா. உறை குடுக்கறதெல்லாம் குடுக்கறதுல சேருமா?”

சேராது. அந்த ஊரில் மட்டுமல்ல, தமிழ் பேசும் எந்தத் தெருவிலும் சேராது. தயிரைக் கடன் கேட்டால் யோசிப்பார்கள், உறைக்கு என்று கிண்ணியை நீட்டினால் பகையாளிகூட இல்லை என்று சொல்ல மாட்டான். விளக்கு வைத்த பிறகு கேட்டால்தான் நாளைக்கு வா என்பார்கள். இது மிருதுளாவுக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம் உண்டு. பதினேழு வயதிலிருந்து விடுதிச் சாப்பாடு. அதற்கப்புறம் அவளுடைய வாழ்க்கையில் தயிர் என்பது பாக்கெட்டில் வருவது. விதிகளைப் படித்துச் சரிபார்த்த எட்டு நிபுணர்களுக்கும் அதே கதிதான் போலிருக்கிறது.

“உங்களுக்கு மட்டும் ஏன் தரலை?” என்று கேட்டாள்.

வடிவு எழுந்து கை கழுவப் போனாள். குருசாமிதான் தணிந்த குரலில் சொன்னார். எதிர்வீட்டு ஆவுடையம்மாள் அவருடைய மனைவிக்கு ஒன்றுவிட்ட தங்கை, வடிவுக்குச் சித்தி முறை. வடிவின் அம்மா முப்பத்தொன்பது வயதில் குடல் புற்றில் போன மறு வருடம் வடிவுக்குப் பாவூர்ச்சத்திரத்தில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். ஆவுடை மாப்பிள்ளையின் தாயாரிடம் போய், தாய்க்கு வந்தது பிள்ளைக்கும் இருக்கும், பார்த்துச் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டாள். சம்பந்தம் நின்றுபோனது. அதோடு முற்றத்தில் பேச்சு இல்லை. அடுத்த வருடம் மிருதுளாவின் ரத்தப் பரிசோதனை முகாமில் ஆவுடைக்கும் அதே எழுத்து இல்லை என்று தெரிந்தது. தாத்தா ஒருவர்தானே.

“அதுக்கப்புறம் அது எங்க மொகத்தப் பாக்காது. நாங்களும் பாக்கதில்ல, அது குடுத்த உறைய வேற வீட்டுல கூட வாங்கதில்ல. ஆறு வருசம் ஆச்சு,” என்றார் குருசாமி.

செங்கானூரின் ஏழு தலைமுறையை மிருதுளா படமாக வரைந்திருந்தாள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோய்க்குக் கறுப்பு, இறந்தவருக்குக் குறுக்குக் கோடு. சண்டைக்கு அந்தப் படத்தில் குறி கிடையாது.

வடிவு திரும்பி வந்ததும் மிருதுளா எல்லாவற்றையும் சொன்னாள். அவளுக்கு வந்தது வெறும் தயிர் என்பதை, ஐந்நூற்று இருபத்திரண்டை, தன் சந்தேகத்தை. வடிவு கேட்டுக்கொண்டு நின்றாள்.

“அப்போ மருந்து வேலை செய்யுதா?”

“செய்யுதுன்னுதான் நினைக்கிறேன்.”

“எதுத்தாப்ல பதினஞ்சு அடியில இருந்திருக்கு,” என்றாள் வடிவு. தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள்.

அன்று பிற்பகலும் சனிக்கிழமை முழுவதும் மிருதுளா ஒரு நோட்டோடு தெருத் தெருவாக அலைந்தாள். பன்னிரண்டு வருடமாக யாருக்கு யார் பிள்ளை என்று கேட்டவள், இப்போது எந்தச் சட்டிக்கு எந்தச் சட்டி தாய் என்று கேட்டு அதையும் படமாக வரைந்தாள். ஊர்ப் பெண்களுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ஆனால் சொன்னார்கள், நல்ல ஞாபகத்தோடு சொன்னார்கள். எந்தக் கிண்ணத்துத் தயிர் கட்டியாக உறைகிறது, எது தண்ணீராக நிற்கிறது என்று முதல் வாரத்திலேயே கண்டுபிடித்து, கட்டியாக உறைகிற வீடுகளில் மட்டுமே எல்லாரும் உறை வாங்கியிருந்தார்கள். ஞானதுரை ஒரு வருடம் பூட்டி வைத்த ரகசியம் அவர்களுடைய அடுப்படியில் திறந்து கிடந்திருக்கிறது, என்ன ரகசியம் என்று தெரியாமலே.

பாக்டீரியா ஊரெல்லாம் பரவிவிடாமலிருக்க மிருதுளா ஒரு கடிவாளம் போட்டிருந்தாள். அது உயிரோடிருக்க ஒரு சத்து வேண்டும், அந்தச் சத்து கிண்ணத்தில் மட்டும்தான் இருக்கும். மூன்று தடவைக்கு மேல் உறை மாறினால் சத்து தீர்ந்து செத்துவிடும். கடிவாளம் சரியாகவே வேலை செய்திருந்தது. ஆனால் தினமும் காலையில் புதுக் கிண்ணம் வந்ததால், தினமும் மூன்று சட்டி தூரம் அது நடந்திருக்கிறது. வெறும் தயிர் வாங்கிய அறுபது பேரில் ஐம்பத்துமூன்று பேர் மூன்று சட்டிக்குள் இருந்தார்கள்.

மற்ற ஏழு பேரில் மூன்று பேர் ஊருக்கு வெளியே புதுக் குடியிருப்பில், கடைத் தயிர் வாங்குகிறவர்கள். ஒருவருக்குத் தயிர் வாடையே ஆகாது. கிண்ணத்தை மூக்கைப் பிடித்துக்கொண்டு முழுங்குவதோடு சரி. அக்காதங்கை இரண்டு பேர் நாலாவது சட்டி. ஏழாவது வடிவு.

சனிக்கிழமை மாலை ஞானதுரை போன் செய்தான். ஆய்வகக் குளிர்ப்பெட்டியில் கிடந்த பழைய மல மாதிரிகளை அவன் சோதித்திருந்தான்.

“ஐம்பத்துமூணு பேர்கிட்டயும் நம்ம பூச்சி இருக்கு மேடம். ஏழு பேர்கிட்ட இல்ல. கையில வெண்ணெய வச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்சிருக்கோம்.” அவன் குரல் உடனே இறங்கியது. “ஆனா இத இப்படியே எழுதினா நம்மள உள்ள வச்சிருவாங்க. மரபணு மாத்தின உயிரி, கேக்காம கொள்ளாம ஒரு ஊர் முழுக்கப் போயிருக்கு. கிட்டத்தட்ட தொள்ளாயிரம் பேரு. பச்சைப் பிள்ளைங்க, கர்ப்பிணிங்க. கிண்ணத்துல லேபிள் மாறிப்போச்சுன்னு எழுதிருவோம். திட்டுவாங்க, அபராதம் போடுவாங்க, மருந்து பிழைச்சுக்கும்.”

மிருதுளா உடனே வேண்டாம் என்று சொல்லிவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரை அந்தப் பொய்யை மனதுக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். அது சின்னப் பொய்யாகவும், உபகாரமான பொய்யாகவும் இருந்தது. ஆனால் லேபிள் மாறியது என்று எழுதினால் அறுபது பேரைத்தான் கவனிப்பார்கள். மீதி எண்ணூறு பேர் எதைச் சாப்பிட்டார்கள் என்று அவர்களுக்கும் தெரியாது, அவர்களைப் பார்க்கும் வைத்தியருக்கும் தெரியாது. கோளாறு இல்லாத குடலில் அந்தப் பாக்டீரியாவுக்கு வேலை இல்லை, சும்மா வந்து சும்மா போய்விடும் என்பது அவளுடைய நம்பிக்கை. நம்பிக்கையை ஒரு குழந்தைக்கு ஊட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது.

திங்கட்கிழமை குழுவின் ஐந்து முகங்களும் திரையில் வந்தபோது, சட்டிப் படத்தை அப்படியே போட்டுக் காட்டினாள். ஒருவர் சிரித்தார். தலைவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்ட வயதான அம்மாள் அவர்.

“உங்களை நிறுத்த எனக்கு ஒரு காரணம் இருக்கிறது, மிருதுளா. நிறுத்தாமலிருக்க ஏழு காரணம் இருக்கிறது. அந்த ஏழு பேர் மட்டும்தான் இப்போது உங்கள் சாட்சி.”

தீர்ப்பைச் செயலாளர் வாசித்தார். ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் நடந்ததைச் சொல்ல வேண்டும். எல்லோரையும் ஒரு வருடம் பரிசோதிக்க வேண்டும். மருந்துக் கிண்ணம் வாங்கிய அறுபது பேருக்கும் அது தொடர்ந்து போகும். ஏழு பேர் மட்டும் ஆறு மாதம் அப்படியே இருக்க வேண்டும். ஆராய்ச்சியாளர் அவர்களுக்கு மருந்து கொடுப்பதில்லை என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

“அதுல ஒருத்திக்குப் பதினெட்டாம் தேதி ஆபரேஷன்,” என்றாள் மிருதுளா. “மருந்து கொடுத்தா தேவையிருக்காது.”

“தாராளமாகச் செய்துகொள்ளட்டும். நாம் தடுக்கவில்லையே,” என்றார் ஓர் உறுப்பினர்.

மிருதுளா கையெழுத்திட்டாள். போடாவிட்டால் நாளை முதல் யாருக்கும் கிண்ணம் இல்லை. ஒருத்திக்காக அறுபது பேரை விட முடியாது என்பது கணக்கு. அந்தக் கணக்கு சரிதான்.

புதன்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குச் செங்கானூர்க் கல்யாண மண்டபத்தில் ஊர் கூடியது. ஞானதுரையும் வந்திருந்தான். மிருதுளா ஒலிபெருக்கியில் எதையும் மறைக்காமல் சொன்னாள். முதலில் ஒருவருக்கும் விளங்கவில்லை. விளங்கியபோது இடுப்பில் குழந்தையோடு ஒரு இளைஞன் எழுந்தான்.

“எம்பிள்ளை திங்கதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கணும்லா? நல்லதோ கெட்டதோ, அது எங்க வீட்டுச் சட்டி.”

“கேட்டிருக்கணும். தப்பு என்மேலதான். உங்க மேலயும் இல்ல, உறை கொடுத்தவங்க மேலயும் இல்ல,” என்றாள் மிருதுளா. வேண்டாம் என்பவர்கள் சட்டியைச் சுடுதண்ணீரில் கழுவிவிட்டுக் கடைத் தயிரில் உறை ஊற்றிக்கொண்டால் போதும், நாலைந்து நாளில் ஒன்றும் இருக்காது என்று விளக்கினாள். சில குடும்பங்கள் அப்போதே எழுந்து போயின. அந்த இளைஞன் போகவில்லை, உட்கார்ந்துகொண்டான்.

பிறகு அவள் குழுவின் உத்தரவை வாசித்தாள். பெயர் எதையும் சொல்லவில்லை. ஏழு பேருக்கு மட்டும் மருந்து எட்டவில்லை, அவர்கள் ஆறு மாதம் அப்படியே இருக்க வேண்டும் என்று இருந்ததை இருந்தபடி வாசித்தாள்.

“அப்படியேன்னா?” நடு வரிசையிலிருந்து ஒரு பெண் கேட்டாள். மெலிந்த, நரைத்த தலை. ஆவுடையம்மாள்.

“பாலிப் வளர வளரப் பாத்துக்கிட்டு இருக்கணும். அதுதான் உத்தரவு.”

“அவங்களுக்கு உறை குடுத்தா போலீசுல பிடிப்பாங்களா டாக்டரம்மா?”

ஞானதுரை மிருதுளாவின் முகத்தைப் பார்த்தான். அவள் உத்தரவை மறுபடி ஒரு முறை, வரி வரியாகப் படித்துப் பார்த்தாள்.

“நான் கொடுக்கக் கூடாது. நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்,” என்றாள் கடைசியில். “வேற யாருக்கும் இதுல எந்த உத்தரவும் இல்ல.”

ஆவுடை தலையாட்டிவிட்டு, கூட்டம் முடியும் முன்பே எழுந்து போனாள்.

ஐந்து மணிக்கு மிருதுளா வடிவின் வீட்டு வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தாள். பதினெட்டாம் தேதி ஆஸ்பத்திரியில் யார் கூட இருப்பது என்ற பேச்சு. வடிவு மண்டபத்துக்கு வந்திருக்கவில்லை. எதுவாக இருந்தாலும் உறை கேட்டு அந்த வாசலில் போய் நிற்க முடியாது என்று வெள்ளிக்கிழமையே முடிவு செய்துவிட்டவள் அவள். எதிர்வீட்டுக் கதவு திறந்தது. ஆவுடை கையில் ஒரு எவர்சில்வர் கிண்ணியோடு முற்றத்தில் இறங்கினாள். ஆறு வீட்டுக் கதவிலும் ஆள் நின்றது. பதினைந்து அடியைக் கடக்க அவளுக்கு ரொம்ப நேரம் ஆனது.

“விளக்கு வைக்க முன்னாடி வாங்கிக்க,” என்றாள், வடிவின் முகத்தைப் பார்க்காமல், நிலைப்படியைப் பார்த்து.

வடிவு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

“அன்னைக்கு நான் போய்ச் சொன்னேன். உங்கம்ம வாரிசு நீ மட்டும்னு நெனச்சேன். எனக்கும் அதே ரத்தம்னு தெரியாமப் போச்சு. தெரிஞ்சிருந்தாலும் சொல்லியிருப்பனோ என்னமோ, என் புத்தி அப்படி.” கிண்ணியை முன்னால் நீட்டினாள். “ஒரு வருசமா வளவு முழுக்கக் குடுத்திருக்கேன். ஒனக்கு மட்டும் குடுக்கல. பதினெட்டாந்தேதி ஒன்னக் கீறினாங்கன்னா அது நான் கீறுனதுட்டி.”

மிருதுளா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வடிவு கிண்ணியை வாங்கியதை அவள் பார்க்கவில்லை, காதால்தான் கேட்டாள். கரண்டி ஒன்று கிண்ணியில் இடித்தது.

உள்ளே குருசாமி பால் காய்ச்சியிருந்தார். ஆனால் அந்த வீட்டில் ஏழு வருடமாக யாரும் உறை ஊற்றியதில்லை. பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வடிவு மிருதுளாவைப் பார்த்தாள், “எவ்வளவு சூடு இருக்கணும்?”

அந்தப் பாக்டீரியாவைப் படைத்தவள் அவள். ஆய்வகத்தில் முப்பத்தேழு டிகிரி என்று இயந்திரத்தில் எண் போடுவாள். கையால் தெரியாது. உதட்டைப் பிதுக்கினாள்.

வடிவு வாசலைப் பார்த்துக் கேட்டாள். “சித்தி, இது சரியா இருக்கா பாருங்க.”

ஆவுடை நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்தாள். சுண்டுவிரலைப் பாலில் வைத்துப் பார்த்தாள். “இன்னும் கொஞ்சம் ஆறணும். விரல் பொறுக்கணும்,” என்றாள். அதற்கப்புறம் நான்கு பேருமாகப் பால் ஆறக் காத்திருந்தார்கள். பால் ஆற நேரமாகும், யாருக்கும் அவசரமில்லை.

ஆறரை மணிக்கு ஞானதுரை மூச்சு வாங்க ஓடி வந்தான். “மேடம், ஏழும் போச்சு. புதுக் குடியிருப்புக்கு ரெண்டு பொம்பளைங்க ஸ்கூட்டர்ல தூக்குவாளியோட போயிருக்காங்க. அக்காதங்கச்சி ரெண்டு பேருக்கும் மொதல் சட்டியிலேருந்தே வந்திருச்சு. தயிர் பிடிக்காதவரை அவர் சம்சாரம் மோர்ல பெருங்காயம் போட்டுக் குடிக்க வச்சிருச்சு. நாம ஒரு பேரும் சொல்லலையே?”

“உறை வாங்காத வீடு எதுன்னு ஊருக்குத் தெரியாதா ஞானம்?”

“நம்ம சாட்சி?”

மிருதுளா நோட்டைத் திறந்தாள். சட்டிப் படத்தில் ஏழு புதுக் கோடுகள் போட்டு, ஒவ்வொன்றின் பக்கத்திலும் அன்றைய தேதியை எழுதினாள். அதைப் பார்த்துக்கொண்டே இருந்த ஞானதுரையின் முகம் மெல்ல மாறியது. புள்ளிவிவரக்காரனுக்குப் புரியச் சற்று நேரமானாலும் புரிந்தால் முழுசாகப் புரியும்.

“ஏழு பேரோட பாலிப் கோடும் ஒரு வருசமா ஏறிக்கிட்டே வந்திருக்கு,” என்றான். “இந்தத் தேதியிலேருந்து இறங்கினா, இதைவிட நல்ல சாட்சி கிடையாது.”

“இறங்கினா,” என்றாள் மிருதுளா.

அன்றே எல்லாவற்றையும் குழுவுக்கு எழுதினாள், மண்டபத்தில் தான் சொன்ன பதில் உட்பட. தலைவரிடமிருந்து இரண்டு நாள் கழித்து ஒரே வரியில் பதில் வந்தது: கோடுகளை மாதந்தோறும் அனுப்புங்கள். வடிவின் அறுவை மருத்துவர் அவ்வளவு சுலபமாக மசியவில்லை. எட்டு வாரம் தருகிறேன், ஒரு பாலிப் கூடியிருந்தாலும் மறுநாளே மேஜை என்றார்.

எட்டாவது வாரம் முடிந்த வெள்ளிக்கிழமை வடிவுக்குக் குடலைக் கேமரா வைத்துப் பார்த்தார்கள். எண்ணிக்கை திங்கட்கிழமை காலையில்தான் வந்தது. மருத்துவரும் ஞானதுரையும் தனித்தனியாக எண்ணி, ஒப்பிட்டு, மறுபடி எண்ணினார்கள். முந்நூற்று எண்பத்தெட்டு. மற்ற ஆறு கோடுகளும் தலை குனிந்திருந்தன. மருத்துவர் தேதிப் புத்தகத்தை எடுத்து வடிவின் பெயரை அடித்தார்.

மிருதுளா போன் போட்டாள். மூன்று தடவை யாரும் எடுக்கவில்லை. நாலாவது தடவை காற்று இரைந்தது, அதற்கு நடுவே வடிவின் குரல் கேட்டது.

“மேல நிக்கேன் டாக்டரக்கா. சத்தமாச் சொல்லுங்க.”

மிருதுளா எண்ணைச் சொன்னாள். வடிவு அழுகிறாளா என்று காற்றிரைச்சலில் தெரியவில்லை. மிருதுளா அழுதுகொண்டுதான் இருந்தாள்.

“டாக்டரக்கா,” என்றாள் வடிவு. “சித்திகிட்ட சொல்லிட்டீங்களா?”

“இல்ல. உனக்குத்தான் முதல்ல.”

“சொல்லாதீங்க. நான் இந்தா இறங்குதேன். நானே போய்ச் சொல்லிக்கிடுதேன்.”